ஆமைக்குத் தாரை வார்த்த நிழல்

வெள்ளைப்பாறை என்கிற ஊரில் மூன்றாவது குறுக்குத் தெரு என்று ஒன்று இருந்தது. முதலாவதும் இரண்டாவதும் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஊர் வெயிலில் அவை ஆவியாகிப் போயிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் பின்னால் நின்ற பாறை பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் அதைத் தெருவின் மேல் துப்பும். தெருவில் மரம் என்று ஒன்று கிடையாது. காக்கைகூட அந்தத் தெருவுக்குள் காலையில் வந்து, வேலையை முடித்துக்கொண்டு, பத்து மணி பஸ் பிடிப்பதுபோல் கிளம்பிவிடும்.

அந்தத் தெருவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற செண்பகவடிவு ஓர் ஆமை வளர்த்தாள். கப்பலில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் அதை ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து முறையான காகிதங்களோடு கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டு, மறுபடியும் கப்பலேறிவிட்டான். வந்தபோது உள்ளங்கை அகலம் இருந்த அது இப்போது கல்யாண அண்டாவின் மூடி அகலத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குப் பெயர் மாப்பிள்ளை. வேளாவேளைக்குத் தட்டு வர வேண்டும், தட்டு வந்தாலும் உடனே தலையை நீட்டமாட்டார், பிடிக்காத காய் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், கிளம்பச் சொல்லவும் முடியாது. அதனால் பெயருக்குக் காரணம் யாரும் கேட்கவில்லை.

முற்றத்தில் மூங்கில் வேலியும் தகரக் கதவும் வைத்த ஓர் அடைப்பில் மாப்பிள்ளை வாழ்ந்தார். பக்கத்து வீடு பந்தல் காண்ட்ராக்டர் சொரிமுத்துவின் வீடு. வேலியைத் தாண்டி ஆமையைப் பார்க்க நேரும்போதெல்லாம் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாவ?"

"அது வீட்டுக்குள்ள எங்க அண்ணாச்சி புகுந்திருக்கு? முற்றத்துலதானே கெடக்கு" என்பாள் செண்பகவடிவு.

"முற்றம் யாரு வீட்டு முற்றம்?"

"எங்க வீட்டு முற்றம்."

"அப்ப?"

"அப்ப உருப்படாமப் போறது நான்தானே. நீங்க எதுக்கு வேர்த்து வடியுதிய?"

அவர் வெயிலுக்கு வேர்க்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். வெயில் என்னவோ உண்மைதான். போன கோடையில் மாப்பிள்ளை தட்டைத் தொடவில்லை. அடைப்பின் மூலையில் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, வாரக்கணக்கில், யாரோ கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோன பாத்திரம்போல் கிடந்தார். கால்நடை மருத்துவர் வந்து ஓட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"இன்னொரு சித்திரையை இது தாங்காதும்மா. நிழல் வேணும். தகரம் போட்டுராதீங்க, அடுப்பாயிரும். மரம் வைங்க. தாழ்வா, அடர்த்தியா, சீக்கிரம் வளர்ற மரமா இருக்கணும். உதிர்ந்த இலையை இது தின்னும், அதனால தின்னக்கூடிய இலையா இருக்கணும்."

செண்பகவடிவுக்கு அந்த ஆமையை விட்டால் வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் அன்றைக்கே மரம் தேடத் தொடங்கினாள். மரமே இல்லாத தெருவில் மரத்தைப் பற்றித் தெரியாதவர் ஒருவரும் இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

வேம்பு வை என்றார்கள். வேப்பிலை ஒரு வாய் கடித்த மாப்பிள்ளை அந்த வாயை அந்தி வரை மூடவில்லை. முருங்கை வை என்றார் ஒருவர். வீட்டுக்கு முன்னால் முருங்கை வைத்தால் வேதாளம் வரும் என்றார் இன்னொருவர். வேதாளம் வந்தாலும் முருங்கை நிழல் சல்லடை நிழல், அதற்குமே போதாது என்றார் மூன்றாமவர். புளி வளர்வதற்குள் அடைப்பே இருக்காது. அரளி விஷம். வாழையைக் காலையில் வைத்தால் மத்தியானத்துக்குள் மாப்பிள்ளை முடித்துவிடுவார். தென்னை வைக்கலாமா என்று கேட்டபோது தெரு இரண்டாகப் பிரிந்தது. தேங்காய் விழுந்தால் ஆமை ஓடு உடையும் என்று ஒரு கட்சி, தேங்காய்தான் உடையும் என்று ஒரு கட்சி. அந்த வழக்கு தீராததால் தென்னை வைக்கப்படவில்லை.

இப்படி எல்லோரும் சொல்வதைக் கேட்டு முடித்த செண்பகவடிவு, சாப்பிடப்போகிறவரையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். அவளுடைய வேன் நிற்கிற ஒவ்வொரு இடமும் ஒரு மரத்தடி. பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் இலையைப் பறித்து வேனின் முன்கண்ணாடி ஓரம் செருகிக்கொண்டே போனாள். வீடு வந்ததும் அவற்றை அடைப்புக்குள் வரிசையாகப் பரப்பினாள். மாப்பிள்ளை கல்யாணத்தில் பந்திக்கு வந்த பெரிய மனிதரைப்போல் வரிசையைக் கடைசிவரை பார்வையிட்டார். புங்கை இலையை முகர்ந்தார், வாதாம் இலையை மிதித்தார், கடைசி நிறுத்தமான வாய்க்கால் கரையில் பறித்த பூவரசு இலையைக் காம்பு வரைக்கும் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையிலிருந்து கை கனத்துக்கு ஒரு பூவரசங்கிளையைப் போத்தாக வெட்டிக்கொண்டு வந்து அடைப்பின் நடுவில் நட்டாள். நடும்போது தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். சொரிமுத்துவின் மனைவி பேராச்சி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஏட்டி, மாப்பிள்ளைக்குக் குடுக்குத பொருளைச் சும்மா குடுத்தா நிலைக்காது. தாரை வார்த்துக் குடு."

"சரி மைனி" என்று செண்பகவடிவு சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, மாப்பிள்ளையின் முன்னங்காலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, கன்னிகாதானத்தில் ஊற்றுவதுபோல் அதன் மேல் தண்ணீரை ஊற்றினாள்.

"இந்த மரத்து நிழல் பூராவும் உனக்குத்தான் மாப்பிள்ளை. வேற ஒருத்தருக்கும் இல்ல."

பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தாரை வார்த்த பொருளைத் திருப்பி வாங்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது ஒருவருக்கும் நினைவில்லை.

மாப்பிள்ளை போட்ட எருவில் பூவரசு மளமளவென்று வளர்ந்து, மாசியில் கூரையைத் தொட்டு, பங்குனியில் குடைபோல் கவிந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு நாள், தகரக் கதவு திறந்து கிடந்ததால், மாப்பிள்ளை தெருவுக்குப் போனார். மரத்தின் நிழலும் எழுந்து அவரோடு போனது.

முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு ஜெஸிந்தா டீச்சர். உச்சி வெயிலில் நடுத்தெருவில் மரம் இல்லாமல் ஒரு மரநிழல் மெல்ல நகர்ந்து வருவதையும், அதன் நடுவில் மாப்பிள்ளை நடந்து வருவதையும், அடைப்பில் பூவரசு காலடியில் ஒரு பொட்டு நிழல்கூட இல்லாமல் மொட்டை வெயிலில் நிற்பதையும் பார்த்துவிட்டு, வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"செண்பகம், உன் நிழல் வெளிய போய்ட்டு. கதவைச் சாத்தமாட்டியா?"

ஆடு வெளியே போனாலும் அவள் அப்படித்தான் சொல்லுவாள்.

அந்தத் தெருவில் நிழல் எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் நடக்கிறது என்றுதான் கேட்டார்கள். இஸ்திரி போடுகிற மாடக்கண்ணு தன் வண்டியை நிழலோடு நிழலாக ஆமை வேகத்தில் தள்ளிக்கொண்டே துணி தேய்த்தான். ரேஷன் கடை வரிசை, மாப்பிள்ளை படுத்திருக்கிற பக்கம் பார்த்து வளைந்துகொண்டது. வெள்ளரித் துண்டும் அகத்திக்கீரையும் வைத்து அவரைத் தங்கள் வாசலுக்கு இழுக்க வீட்டுக்கு வீடு போட்டி. வாசல் வரைக்கும் வரலாம், படியைத் தாண்டக்கூடாது என்று முதலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெயில் ஏற ஏற, முன்கட்டு என்பது முற்றத்துக்குச் சமம்தான் என்று ஒரு தீர்ப்பு வந்தது. பிறகு அடுக்களையில் நிழல் வேண்டும் என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். உருப்படாமல் போவது எந்த அறையிலிருந்து தொடங்குகிறது என்று பெரியவர்கள் சொல்லவில்லையே என்றார்கள்.

காதுகுத்து, வளைகாப்பு, வீடு பால்காய்ப்பு எல்லாம் மாப்பிள்ளையின் நிழலில் நடந்தன. சொரிமுத்துவின் வீட்டுப் பின்னால் பந்தல் கம்புகளும் கீற்றுகளும் அப்படியே அடுக்கிக் கிடந்தன. கீற்றுக்குள் எலிகள் பேரன் பேத்தி எடுத்தன.

"ஆமை புகுந்தா உருப்படாதுன்னு சொன்னேன். என்னைத்தான் உருப்படாம ஆக்கிட்டு" என்று அவர் சொன்னபோது, அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று தெரு ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் நிழலுக்குத் திரும்பிப் போனது.

சித்திரை நடுவில் ஒரு காதுகுத்தில், மாமன் மடியில் இருந்த பிள்ளையின் தலையில் ஒரு வெயில் பொட்டு விழுந்தது. நிழலில் ஓட்டை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே எதுவும் இல்லை. பிறகுதான் திரும்பிச் செண்பகவடிவின் முற்றத்தைப் பார்த்தார்கள்.

பூவரசின் இலைகள் பழுத்துக்கொண்டிருந்தன. எந்த மரமும் தன் நிழலைத் தன் காலில் போட்டுக்கொண்டுதான் கோடையைத் தாண்டும். இந்த மரத்தின் வேர் மேல் பங்குனியிலிருந்து ஒரு துளி நிழல் விழவில்லை. செண்பகவடிவு குடம் குடமாய் ஊற்றிய தண்ணீரை மண் சீறிக் குடித்துவிட்டு மறுபடியும் வெடித்தது. அவள் கதவைப் பூட்டிப் பார்த்தாள். ஊரின் வெள்ளரிக்குப் பழகிய மாப்பிள்ளை கதவை முட்டி முட்டித் தகரத்தை நெளித்தார். அவர் ஓய்ந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் யாராவது மெதுவாகத் தாழ்ப்பாளை நீக்கிவிட்டுப் போனார்கள். கேட்டால் காற்று என்றார்கள். வெள்ளைப்பாறையில் சித்திரையில் காற்று அடித்ததாக வரலாறு இல்லை.

மரம் போனால் நிழல் போகும். நிழல் போனால், இலையும் நிழலும் பழகிப்போன ஆமை இந்தக் கோடையின் மிச்சத்தைத் தாங்காது. செண்பகவடிவு அன்று மத்தியானம் சொரிமுத்துவின் வாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு பந்தல் போடணும்."

இந்தக் கோடையில் அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "என்ன விசேஷம்?"

"மரத்துக்கு."

அவர் துண்டைத் தோளிலிருந்து மறுபடியும் எடுத்தார். "மரத்துக்கா? ஊருக்கெல்லாம் நிழல் குடுக்க மரம் வைப்பாவ. நீ மரத்துக்கு நிழல் கேக்கே."

"வாடகை தந்துருதேன்."

"அது சரி. வாடகைன்னா எருமைக்கும் போடுவேன்."

உள்ளேயிருந்து பேராச்சி சொன்னாள்: "பாவம், எலி தின்னுத கீத்துதானே. தாரை வார்த்துக் குடுத்திருங்களேன்."

"எங்க அப்பா காலத்துலேருந்து இந்தக் கை எதையும் ஒரேயடியாக் குடுத்ததில்ல. வாடகைக்கு விடும், திருப்பி எடுக்கும்" என்றார் சொரிமுத்து.

நாலு கால் ஊன்றி, இரட்டைக் கீற்று வேய்ந்து, பூவரசின் தலைக்கு மேல் நல்ல பந்தலாகத்தான் போட்டார். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. நிழல் சதுரமாக மரத்தின் காலில் விழுந்தது. செண்பகவடிவு கையெடுத்துக் கும்பிட்டாள். சொரிமுத்து ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பந்தலின் நிழலும் அவரோடு நடந்தது.

அந்த அடைப்பில் விழுகிற நிழல் தன் சொந்தக்காரரோடுதான் போகும். சொரிமுத்து விட்டது வாடகைக்கு. ஆகவே நிழல் இன்னும் அவருடையதுதான்.

"அண்ணாச்சிக்கும் வந்துட்டா?" என்று தெருவில் கேட்டார்கள், சளிப் பிடித்தவரைக் கேட்பதுபோல்.

சொரிமுத்துவுக்கு முதலில் அது பிடித்துத்தான் இருந்தது. சதுர நிழலுக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். ஆமையின் நிழல் கந்தலாகிவிட்டதால் பாதிக் கூட்டம் அவர் பக்கம் வந்தது. ஒரு நாள் நடுத்தெருவில் வட்ட நிழலும் சதுர நிழலும் எதிரெதிரே வந்து நின்றன. மாப்பிள்ளை வழிவிடவில்லை. சொரிமுத்துவும் விடவில்லை. பின்னால் வந்த பால்வண்டிக்காரன் இறங்கி, பீடி பற்றவைத்து, பிடித்து முடித்துவிட்டு, அடுத்த தெரு வழியாகப் போனான். மரத்தின் மேல் பந்தல் இருந்தது, பந்தலுக்குக் கீழே வெயில் இருந்தது, இலைகள் சருகாகி விழுந்துகொண்டிருந்தன.

அதைப் பேராச்சி சரிசெய்தாள். மறுநாள் மத்தியானம் சொரிமுத்து வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தபோது சோறு வரவில்லை.

"சோறு செண்பகத்து முற்றத்துல இருக்கு" என்றாள்.

"அங்க எதுக்கு இருக்கு?"

"இனிமே அங்கதான் இருக்கும். மரத்தடியில உக்காந்து சாப்பிடுங்க. சாப்பிட்ட பொறவு வெயில் தாழுத வரைக்கும் அங்கனயே படுங்க. கட்டில் போட்டாச்சு."

"ஆமை கெடக்குத கொட்டத்துலயா?"

"ஆமை ஊரைச் சுத்தப் போயிருக்கு. ஒங்களை ஒண்ணும் செய்யாது."

குழம்பு மணம் வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. சொரிமுத்து மானத்தையும் மணத்தையும் மாற்றி மாற்றி எடைபோட்டுவிட்டு எழுந்து போனார். அவர் உட்கார்ந்தார், சதுர நிழலும் மரத்தின் காலில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து தினமும் உச்சிக்கு அவர் வருவதும், சாப்பிடுவதும், கட்டிலில் மல்லாந்து படுத்துப் பூவரசைத் திட்டுவதும் வழக்கமாயிற்று. மேலே பார்த்துப் படுத்திருப்பவருக்கு இலையைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. முதல் தளிர் எட்டிப் பார்த்ததை அவர்தான் பார்த்தார்; பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. அதில் ஏறிய எறும்பை மட்டும் எழுந்து ஊதிவிட்டார். வெயில் தாழ்ந்து மாப்பிள்ளை வீடு திரும்பும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கதவருகே விலகிப் போவார்கள்.

வைகாசியில், மரம் முழுக்கத் தளிராக நின்ற சமயத்தில், மேலக்குளத்து அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சொரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அந்தக் கோடையில் அவருக்கு வந்த ஒரே கல்யாணம் அதுதான். முந்தின நாள் காலையில் லாரி அவர் வாசலில் வந்து நின்றது. செண்பகவடிவு வேலியோரம் வந்து நின்றாள்.

"போறியளா அண்ணாச்சி?"

"போகாம? அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணம்."

"தளிர் ஒரு பகல் வெயில் தாங்காது."

"எனக்குத் தெரியாதா? தெனம் அதோட மூஞ்சியிலதானே முழிக்கேன்."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு மறுக்க வசதியாக இருந்திருக்கும். அவர் லாரியில் ஒரு கால் வைத்தார், எடுத்தார், லாரிக்காரனிடம் இரு என்றார், வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ பேராச்சி, செம்பை எடு."

தாரை வார்த்தால் ஏந்துவதற்கு ஒரு கை வேண்டும். மரத்துக்குக் கை ஏது? சொரிமுத்து ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்து, அகலமான ஓர் இளம் இலையைக் குழித்து, அதில் தண்ணீரை ஊற்றினார். பாதித் தண்ணீர் இலைக்கு வெளியே போனது. பழக்கம் இல்லாத வேலை.

"இந்தப் பந்தலோட நிழல் ஒனக்குத்தான். ஒரேயடியா."

பெண்கள் குலவையிட்டார்கள். அவர் வேலியைத் தாண்டி நடந்து பார்த்தார். நிழல் வரவில்லை, மரத்தடியில் சதுரமாகக் கிடந்தது. தெரு முழுக்க வெயிலில் நின்றுகொண்டு அவரைப் பார்த்தது. அப்புறம் அவர் திரும்பிப் பந்தலைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு போய்க் கீற்றைப் பிரிக்கத் தொடங்கினார்.

"என்ன அண்ணாச்சி செய்திய?" என்று பதறினாள் செண்பகவடிவு.

"நிழலைத்தானே குடுத்தேன். கம்பும் கீத்தும் என்னுது. எலி விட்டுவச்ச கீத்தே இவ்வளவுதான்."

கீற்று இறங்கியது, கம்பு இறங்கியது, பந்தல் இருந்த இடத்தில் வானம் வந்தது. நிழல் அசையாமல் மரத்தின் காலில் கிடந்தது. கொடுத்தும் ஒன்றும் குறையாத மனிதராகச் சொரிமுத்து எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு, மேலக்குளம் போய்ச் சேர்ந்து, சாயங்காலத்துக்குள் பந்தலைக் கட்டி, வாழைமரம் வரைக்கும் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் வெயில் ஏறியது. முழுப் பந்தலுக்குக் கீழே, இரட்டைக் கீற்றுக்குக் கீழே, கல்யாண வீட்டார் அத்தனை பேர் தலையிலும் வெயில் அடித்தது. மணவறையில் கல்யாண மாப்பிள்ளையின் நெற்றியிலிருந்து சந்தனம் வழிந்து மூக்கில் தொங்கியது. நாதஸ்வரக்காரர் வாத்தியம் சுடுகிறது என்று கீழே வைத்துவிட்டார். அரிசி ஆலைக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னய்யா, கீத்து போட்டீரா, மீன்வலை போட்டீரா?"

சொரிமுத்து அண்ணாந்து பார்த்தார். கீற்றில் ஓர் ஊசி நுழைய இடமில்லை. கொடுத்த நிழல் மரத்தடியிலேயே கிடக்கிறது, வந்தது கம்பும் கீற்றும்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சமையல்கட்டுக்குப் பின்னால் போய்ப் போனை எடுத்தார்.

"செண்பகம், வேன்ல டீசல் இருக்கா தாயி?"

"இருக்கு. எதுக்கு அண்ணாச்சி?"

அந்தப் பக்கம் மேளம் ஓய்ந்திருந்தது. அவர் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டிராத மரியாதையோடு ஒரு கேள்வி வந்தது.

"மாப்பிள்ளை சாப்ட்டாச்சா?"

செண்பகவடிவு முற்றத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை உதிர்ந்த பூவரசம்பூ ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். மரம் தன் சொந்தச் சதுர நிழலில் குளிர்ந்து நின்றது. "கடைசி வாய்ல இருக்காரு" என்றாள். "கூட்டிட்டு வாரேன்."

பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூட வேன் மேலக்குளத்துச் சாலையில் விரைந்தது. அதனடியில் ஒரு முழுப் பூவரசின் நிழல், ஓட்டை ஒன்றுகூட இல்லாமல், தார்ச்சாலையைத் துடைத்துக்கொண்டு ஓடியது. முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது வேன் பந்தல் வாசலில் நின்றது. நாலு பேர் சேர்ந்து மாப்பிள்ளையை இறக்கினார்கள்.

"கல்யாணத்துல ஆமையா?" என்று அரிசி ஆலைக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் நிழலுக்குள் வந்துவிட்டார். ஓங்கிய கையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

சொரிமுத்து தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஒரு வெள்ளரித் துண்டை முன்னால் நீட்டியபடி, பின்பக்கமாக அடிமேல் அடி வைத்து நடந்தார். மாப்பிள்ளை தலையை நீட்டி யோசித்துவிட்டு அவர் பின்னால் நடந்தார். நிழல் வந்து சேரட்டும் என்று மணவறையில் ஐயர் மந்திரத்தை நீட்டினார். நிழல் கடைசி வரிசையின் மேல் ஏறியது. அங்கே கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்த ஒருவர், விசிறுவதை நிறுத்தி, பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சொரிமுத்துவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க."